ஒரே பெட்டியில் பருத்திச் சட்டையும் கம்பளித் தொப்பியும்

அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குப் போக எந்த மாதம் நல்லது என்று பட்டியல் போடும் இணையதளங்கள் மேல் எனக்கு நல்ல கோபம் இருக்கிறது. 'மே மாதம், இதமான வானிலை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான், கணவர், பையன் மூவரும் லாஸ் வேகாஸில் வாடகைக் கார் எடுத்து டெத் வேலி, சயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று போய்வந்தோம். எல்லாமே மே மாதம்தான். ஓரிடத்தில் கார்க் கதவின் கைப்பிடியைத் தொட முடியவில்லை. இன்னோரிடத்தில் காலையில் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்ட வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் வருபவர்கள் மாதத்தைப் பார்த்துத் துணி எடுத்து வைக்காதீர்கள், போகும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து எடுத்து வையுங்கள்.

டெத் வேலியில் பேட்வாட்டர் என்ற இடம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் பக்கத்து மலைப்பாறையில், தலைக்கு மேலே வெகு உயரத்தில், இதுதான் கடல்மட்டம் என்று ஒரு பலகை தெரிகிறது. காலடியில் வெள்ளை வெளேரென்று உப்பு. பையன் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிஜமாவே உப்பும்மா" என்றான். கார் 103 பாரன்ஹீட் காட்டியது, அதாவது 39 செல்சியஸ். மே மாதத்தில் அங்கே இது சாதாரணம். பக்கத்தில் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில்தான் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவானது. உலக சாதனை இன்றைக்கும் அதுதான்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடாவிலும் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் மலைகளிலும் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் இங்கே வந்து சேர்கிறது. வருடத்துக்கே சுமார் 50 மில்லிமீட்டர் மழைதான். சுற்றிலும் உயர்ந்த மலை, நடுவே ஒடுக்கமான பள்ளம். சூடான காற்று மேலே ஏறி, வெளியே போக வழியில்லாமல் திரும்ப இறங்குகிறது. இறங்கும்போது அழுத்தம் கூடி மறுபடி சூடாகிறது.

அப்புறம் டான்டேஸ் வியூவுக்கு வண்டியை விட்டோம். பேட்வாட்டருக்கு நேர் மேலே, 1,669 மீட்டர் உயரம். அங்கே 81 பாரன்ஹீட், அதாவது 27 செல்சியஸ்! அதே நாள், அதே பூங்கா, நாங்கள் நின்ற அதே உப்புவெளி கீழே கிடக்கிறது, ஆனால் 12 டிகிரி குறைந்துவிட்டது. காற்று அடித்த அடியில் நான் துப்பட்டாவை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்று பாடத்தில் படித்ததை உடம்பிலேயே உணர்ந்தது அன்றுதான். ஒரு விஷயம், பெட்ரோலை நெவாடாவில் பாரம்ப் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஒரு பங்க்கில் விலையைப் பார்த்து என் கணவர் வண்டியை நிறுத்தாமலே வெளியே எடுத்துவிட்டார்.

சயானில் நல்ல வெயில், 32 டிகிரி. பள்ளத்தாக்குக்குள் இலவச ஷட்டில் பஸ் ஓடுகிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் நாங்கள் ஆசைப்பட்டு வந்தது நேரோஸ் நடைக்கு. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே வெர்ஜின் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். அது மூடியிருந்தது. கீழே நமக்கு வேர்த்துக் கொட்டுகிறது, மேலே மலைமேட்டில் குளிர்காலப் பனி இப்போதுதான் உருகி இறங்குகிறது. ஆற்றில் நொடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். ரேஞ்சர் பொறுமையாக விளக்கினார், நியாயம்தான். ஆனால் நீர்க் காலணியும் கைத்தடியும் வாடகைக்கு விடும் கடையில் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றை மூடியது நாங்களா? மே மாதம் போகிறவர்கள் அன்று காலையில் ஆற்றின் நிலவரம் தெரிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

பிரைஸ் கேன்யனைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. சயானிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை, ஆனால் அதன் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். கண்ணாடியில் பனி சுரண்டியது இங்கேதான். இங்கே நிற்கும் ஆரஞ்சு நிறப் பாறைத் தூண்களைச் செதுக்கியதே இந்தக் குளிர்தான். பகலில் பனி உருகிய தண்ணீர் பாறை விரிசலுக்குள் போகிறது, இரவில் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் இது நடக்கிறது. நவாஹோ லூப் பாதையில் ஏழு மணிக்கு மண் உறைந்து காலடியில் நொறுநொறுவென்று நொறுங்கியது. பத்து மணிக்குத் திரும்பி ஏறும்போது அதே மண் சேறாகி ஷூவில் அப்பிக்கொண்டது. பகலில் உருகி இரவில் உறையும் அந்த வேலையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். நான்கில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பிரைஸுக்குப் போங்கள். கையுறை மட்டும் மறக்காதீர்கள்.

கிராண்ட் கேன்யன் போகும் வழியில், கேமரன் பக்கம் நவாஹோ பூர்வகுடிப் பெண் ஒருவர் சாலையோரக் கடையில் ஃப்ரை பிரெட் சுட்டுக்கொண்டிருந்தார். நம்ம பட்டூரா மாதிரி உப்பி வந்தது. அதன் மேல் வெந்த பீன்ஸ், பச்சை மிளகாய், வெங்காயம். ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். பயணம் முழுக்க ஹோட்டல் அறையில் குக்கர் வைத்துச் சோறு பொங்கிச் சிக்கனம் பிடித்தவள் நான், இதற்கு மட்டும் இரண்டாவது தட்டு சொன்னேன்.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர். மாலையில் ஸ்வெட்டர் கட்டாயம். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் ஃபேன்டம் ராஞ்ச் விடுதி 760 மீட்டர்தான், அங்கே மே மாதப் பகலில் 33 டிகிரி வரை போகும். மலை ஏறப் போனால் காலைக் குளிரில் ஏறி, களைத்த பிறகு இறங்கி வருவோம். இங்கே எல்லாம் தலைகீழ். காலையில் சுலபமாக இறங்கிவிடலாம், உச்சி வெயிலில் ஏறி வர வேண்டும். ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பாதீர்கள் என்று பூங்காக்காரர்கள் எச்சரிப்பது இதனால்தான். சவுத் கைபாப் பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது, நாங்கள் சீடர் ரிட்ஜ் வரை போய்த் திரும்பினோம். எதிரே இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்த சிலர் கையில் ஒரு சின்ன பாட்டில் மட்டும். பார்க்கவே பயமாக இருந்தது.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார் ஒன்றுக்கு டெத் வேலியில் 30 டாலர், மற்ற மூன்றிலும் தலா 35. மொத்தம் 135. இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர் வருடாந்திர பாஸ் போதும். ஆனால் 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்கு விதி மாறிவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் கவனியுங்கள். சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றிலும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, பாஸ் இல்லாவிட்டால், தலைக்கு 100 டாலர் கூடுதல். டெத் வேலி அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றுக்கும் போவதாக இருந்தால் ஒரே ஆளுக்குக்கூட வெளிநாட்டவருக்கான 250 டாலர் வருடாந்திர பாஸ்தான் லாபம்.