தெரியல பாய்

"தெரியல பாய்" என்று நான் சொன்னபோது அந்தச் சாம்பிள் திருப்பூரில் என் மேஜைமேல்தான் கிடந்தது. அன்று காலை அமெரிக்க பையரிடமிருந்து கூரியரில் வந்தது. பையன்கள் டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி பனியன் துணி, நெஞ்சில் பிரின்ட். கழுத்தில் தொங்கிய அட்டையில் பங்களாதேஷில் டாக்கா பக்கம் இருக்கும் ஆஷுலியா ஃபேக்டரி பெயர், ஸ்டைல் நம்பர், அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து. அங்கே நான் வேலை பார்த்த இரண்டு வருஷமும் என் சாம்பிள்கள் அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்துக் கிடக்கும்.

அது 2024 செப்டம்பர் முதல் வாரம். அந்த நாட்டுப் பிரதமர் ஹசீனா ஆட்சி போய் டெல்லி பக்கத்து ஹிண்டன் விமானத் தளத்தில் வந்திறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"தாதா, அந்த ஸ்டைல் ஏதாச்சும் உங்க பக்கம் வந்துச்சா?" அந்தக் கையெழுத்துக்காரர் போனில் கேட்டது இவ்வளவுதான். (இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவோம். தாதா என்றால் அவர்களுக்கு அண்ணன். சேர்ந்த புதிதில், நம்மைப் பார்த்தால் ரவுடி மாதிரியா இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.) கேட் ஆறு நாளாகப் பூட்டிக் கிடக்கிறதாம். ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்களாம். துணி டையிங் முடிந்து ரோல் ரோலாக நிற்கிறது, பையர் மட்டும் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. பேசும்போது அவருக்குப் பின்னால் ஃபேன் ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. ஃப்ளோரில் மிஷின் ஓடாத நாளில் அந்த ஆபீஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பையர் விஷயத்தை இன்னொரு வெண்டரிடம் வாயைத் திறக்கக் கூடாது. இது தொழில் விதி, நான் கண்டுபிடித்ததில்லை. இதைச் சொல்லித்தான் அன்று ராத்திரி தூங்கினேன். ஆனால் அதற்கு "சொல்ல முடியாது பாய்" என்று ஒரு பதில் இருக்கிறது. இருபது வருஷம் இதிலேயே இருக்கும் மனுஷனுக்கு அது போதும். துணியை வேறு ஸ்டைலுக்குத் திருப்புவதா, வந்த விலைக்குத் தள்ளுவதா என்று அன்றைக்கே முடிவெடுத்திருப்பார். "சொல்ல முடியாது" என்பது என் நாக்கு வரை வந்ததா, அல்லது இந்த ஒரு வருஷத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டதா என்பதுகூட இப்போது தெளிவாக இல்லை.

ஊரே அப்போது அந்த மனநிலையில்தான் இருந்தது. 2022-இல் நூல் விலை எகிறியதிலிருந்து எங்கள் இரண்டு லைனில் ஒன்று பாதி நாள் சும்மாதான் கிடந்தது. ஜூலையில் டாக்காவில் இன்டர்நெட்டை அணைத்தபோதே பையர்களுக்கு உதறல் எடுத்துவிட்டது. அந்த நாட்டு ஏற்றுமதியில் எண்பது சதவீதத்துக்கு மேல் துணிமணிதான். "அங்க போறது எல்லாம் இனி இங்கதானுங்க" என்று டீக்கடையில்கூடப் பேச்சு. நம் லைனில் உட்கார்ந்திருக்கும் ஒடிசாப் பிள்ளைகளுக்கும் வாரச் சம்பளம் போட்டாக வேண்டுமே. இதெல்லாம் சரிதான். பிறகு ஏன் அந்த அட்டையைக் கத்தரித்து டிராயரில் போட்டுவிட்டுச் சாம்பிளை மாஸ்டரிடம் கொடுத்தேன்? மாஸ்டர் அட்டையைப் படிக்கிற ஆளே இல்லை.

அந்த ஆர்டரில் நாங்கள் சம்பாதிக்கவும் இல்லை. வாஷுக்கு அப்புறம் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில். ஆஷுலியாவில் எதிரெதிர்த் திசையில் முறுக்கிய எஸ் நூலையும் இசட் நூலையும் மாற்றி மாற்றி ஏற்றி ஓட்டி அதை அடக்கியிருக்கிறார்கள் என்று பிறகுதான் பிடிபட்டது. ஒரு போன் போட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். எந்த முகத்தோடு போடுவது?

அதற்குப் பிறகு பேசவே இல்லை. இரண்டு நாடும் முறைத்துக்கொண்டது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகப் போயிற்று. 2025 மார்ச்சில், ஹசீனாவுக்குப் பிறகு அங்கே இடைக்கால அரசை நடத்திய யூனுஸ் சீனா போனார். ஏப்ரலில் டெல்லி, அவர்கள் சரக்கு நம் நாட்டு வழியாக வேறு நாடுகளுக்குப் போகக் கொடுத்திருந்த டிரான்ஷிப்மென்ட் வசதியை நிறுத்தியது. மே 17-இல் அவர்கள் ஆயத்த ஆடை தரைவழியாக வரக் கூடாது என்றது. சூழ்நிலை அப்படி, நாம் என்ன செய்வது என்று சொல்லிக்கொள்ள அரசியல் மாதிரி வசதியான சாக்கு வேறு கிடைக்காது.

ஏப்ரல் 2-ஆம் தேதி டிரம்ப் இறக்குமதி வரிப் பலகையைத் தூக்கிக் காட்டியபோது நமக்கு 26 சதவீதம், அவர்களுக்கு 37. முதலாளி எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஆகஸ்டில் கணக்கு கவிழ்ந்தது. அவர்களுக்கு 20, நமக்கு 25. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25. காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5-ஐயும் கூட்டியதில் 66.5 ஆகிவிட்டது. கச்சா எண்ணெய் இறங்கியது குஜராத் கரையில், அபராதம் திருப்பூர் பனியனுக்கு. அதே பையரிடமிருந்து ஒரே வரியில் மெயில்: ஹோல்ட். கட் பண்ணிய பீஸ்கள் கட்டுக்கட்டாகக் குடோனுக்குப் போயின.

செப்டம்பர் 1, கேன்டீன் டிவியில் சீனாவின் தியான்ஜினில் நடந்த உச்சிமாநாடு ஓடிக்கொண்டிருந்தது. மோடி, புதின், ஷி மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்போதுதான் ஆஷுலியா பாயிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். ஒரு சாம்பிள் அட்டை. எங்கள் கம்பெனி பெயர், ஸ்டைல் நம்பர், அடியில் என் கையெழுத்து.

"இது உங்களோடதுதானே தாதா?"

குத்திக் காட்டுகிறாரா, என்னிடம் சொல்லிவிட்டு ஆர்டரை எடுக்கிறாரா? அவருக்குப் போன வருஷ விஷயம் தெரியுமா? எத்தனை தடவை படித்தும் அந்த வரியில் எதுவும் சிக்கவில்லை. "ஆமா பாய்" என்று போட்டேன்.

"துணியில என்ன பார்த்துக்கணும்?"

இதற்குப் பதில் சொன்னால் முதலாளிக்குத் துரோகம். எங்கள் பீஸ்கள் அப்போதும் குடோனில்தான், வரி குறைந்தால் அந்த ஆர்டர் திரும்பவும் கூடும். எதிராளி ஒரு தடவை இன்ஸ்பெக்‌ஷனில் விழுந்தால் நமக்கு நல்லதுதானே என்று தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடித்தேன். பழைய கடனைத் தீர்க்கிறேன் என்று என்னை ஏமாற்றிக்கொள்ளவும் முடியவில்லை. போன தடவை போனது அவர் கம்பெனி பணம், இந்தத் தடவை கொடுப்பது என் கம்பெனி சரக்கு. என் கையிலிருந்து இரண்டுக்கும் ஒரு பைசா போகவில்லை.

மேலே வந்து டைப் செய்தேன்: "வாஷ்ல நீளம் 6 சதவீதம் வரைக்கும் சுருங்குது. துணி காம்பாக்டிங் மிஷின்ல அழுத்தி வந்ததும் உடனே கட்டிங் போடாதீங்க, விரிச்சு விட்ருங்க."

"ஒரு நாள் போதுமா?"

"ரெண்டு நாள்னா நல்லது பாய்."