ஆல்கலினிட்டி 190-லிருந்து 80-க்கு: பி.எச் ஒருவழியாக நின்றது

நீச்சல் குளத்தில் பி.எச் 7.6-ல் நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது! இதற்கு முன் ஆசிட் ஊற்றி 7.2-க்கு இறக்கினால் கொஞ்ச நாளிலேயே 8-ஐத் தொட்டுவிடும், திரும்ப ஆசிட், திரும்ப 8. டைல் ஓரத்தில் வெள்ளைப் படிவு வேறு தடித்துக்கொண்டே வந்தது. குளோரின், அதை வெயிலிலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் (சயனூரிக் ஆசிட்) எல்லாம் சரியாகவே இருந்தன. சிக்கல் முழுக்க ஆல்கலினிட்டியில்தான், அதாவது ஆசிட்டை உறிஞ்சிக்கொள்ளும் பைகார்பனேட் போன்ற உப்புகளின் அளவில். அது 190 பிபிஎம் (பத்து லட்சத்தில் 190 பங்கு).

ஆல்கலினிட்டி அவ்வளவு இருந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு அதிகம், மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி அது வெளியேறிக்கொண்டே இருக்கும், வெளியேற வெளியேற பி.எச் ஏறும். ஆசிட் பி.எச், ஆல்கலினிட்டி இரண்டையும் இறக்கும், ஆனால் காற்றைக் கலக்கினால் பி.எச் மட்டும் ஏறும், ஆல்கலினிட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மொத்த வேலையும். ஆசிட்டால் 7.1-க்கு இறக்கு, காற்றைக் கலக்கி ஏற்று, மறுபடியும் ஆசிட். பம்பை நிறுத்திவிட்டு ஒரே மூலையில் ஆசிட்டைக் கொட்டினால் ஆல்கலினிட்டி மட்டும் இறங்கும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். எங்கே ஊற்றினாலும் அதே ஆசிட் அதே அளவுதான் வேலை செய்யும், மூலையில் தேங்கினால் பூச்சுதான் அரிக்கும்.

இதில் காற்று கலக்கும் கட்டம்தான் ஆளைக் கொல்லும். வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஜெட்டை மேல்நோக்கித் திருப்பிவிட்டால் போதும் என்பார்கள், தண்ணீர் லேசாகச் சலசலக்கும், பி.எச் நகரவே நகராது. நான் ஜெட்டின் மூக்கைக் கழற்றிவிட்டு ஒரு எல்போ (வளைவு இணைப்பு) போட்டு, மேலே நிற்கும் பிவிசி குழாயின் முனையை மூடி, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை போட்டேன். தண்ணீர் பொடிப் பொடியாகச் சிதறி விழுகிறது, பக்கத்தில் நின்றால் சட்டை நனையும். சிதறலும் குமிழியும் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம், இந்தக் குழாயைப் பற்றி எனக்குப் பெருமைதான். இன்னொன்று, பி.எச் 7.8 ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாழ்ந்த பி.எச்சில்தான் கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும், அதனால் 7.5 வந்ததுமே அடுத்த ஆசிட். ஆனால் 7-க்குக் கீழே விடவே கூடாது, ஹீட்டரில் உள்ள செம்பு அரிக்கும், பி.எச் பார்க்கும் நிறமியான ஃபீனால் ரெட்டும் 6.8-க்குக் கீழே எதையும் காட்டாது.

என் குளம் 40,000 லிட்டர். ஆல்கலினிட்டி 10 பிபிஎம் இறங்க 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 800 மில்லி, ஆக மொத்தம் ஒன்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆரம்பச் சுற்றுகளில் ஒவ்வொன்றுக்கும் 20 வரை இறங்கியது, 100-க்குக் கீழே வந்த பிறகு 10 இறங்கினாலே பெரிது. அங்கேதான் பொறுமை வேண்டும்.

டெஸ்ட் ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள், 80-க்கும் 120-க்கும் அதில் வித்தியாசமே தெரியாது. நிறம் மாறும் வரை சொட்டுகளை எண்ணிப் பார்க்கும் சொட்டு கிட்தான். அதிலும் ஆல்கலினிட்டி பாட்டிலின் முனையில் ஸ்டாடிக் ஏறினால் சொட்டு சின்னதாக விழும், எண்ணிக்கை கூடும், இல்லாத ஆல்கலினிட்டியைக் காட்டும். ஒவ்வொரு முறையும் முனையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து, பச்சை சிவப்பாகி அதற்கு மேல் மாறாத வரை விடுவேன். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டியிருந்தால் அன்று பி.எச் பார்ப்பதே வீண், ஃபீனால் ரெட் ஊதாவாகிவிடும்.

ஆசிட் வாங்கும் கடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேனில் சதவீதம் அச்சடிக்காமல் விற்பவரிடம் நான் இனி வாங்குவதில்லை, கணக்கே போட முடியாது. திரவக் குளோரினுக்கும் தேதி பார்த்துத்தான் வாங்குகிறேன், வெயிலில் கிடந்த கேன் பாதி வீரியத்தை இழந்திருக்கும்.

அடுத்து, உப்புத் தண்ணீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் தயாரிக்கும் உப்பு செல் போடலாம் என்று ஆசை. அது ஓடும்போது ஹைட்ரஜன் குமிழிகள் வரும், அதுவும் காற்று கலக்குவது போலத்தான், பி.எச்சை ஏற்றும். அதனால் செல் வருவதற்குள் ஆல்கலினிட்டியை 60-70-க்குக் கொண்டுவந்து, கூடவே பி.எச் ஏறுவதை மெதுவாக்கும் போரேட் 50 பிபிஎம் போட்டுப் பார்க்கும் எண்ணம். ஸ்டெபிலைசரும் ஆல்கலினிட்டி சோதனையில் சேர்ந்து தெரியும், அது 40 பிபிஎம் இருப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்கை 80-லிருந்து கழித்தால் இப்போதே உண்மையான கார்பனேட் ஆல்கலினிட்டி 67 பக்கம்தான், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

டைல் படிவு இன்னும் போகவில்லை, புதிதாகப் படியவில்லை அவ்வளவுதான். நிரப்பும் தண்ணீரிலேயே ஆல்கலினிட்டி 250, ஆவியாவது வெறும் தண்ணீர், உள்ளே வருவதெல்லாம் தங்கிவிடும். குளத்துக்கு மூடி போட்டு ஆவியாவதைக் குறைக்காவிட்டால் இந்த 80 மெல்ல ஏறத்தான் செய்யும், அதனால் குழாயைக் கழற்றி எறியாமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.