ஆச்சிக்கு வந்தது அம்மாவுக்கும் வருமா?

போன மாதம் அம்மா பீரோ சாவியைக் காணோம் என்று அரைமணி நேரம் வீட்டையே புரட்டிப் போட்டாள். கடைசியில் அரிசிப் பானைக்குள் கிடந்தது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. "ஆச்சிக்கும் இப்படித்தாம்ட்டி ஆரம்பிச்சுது" என்றாள்.

வீரவநல்லூர் ஆச்சி சொதி வைத்தால் தெருமுனை வரை மணக்கும். அந்தக் கைதான் ஒருநாள் ஒரே சொதியில் மூன்று தடவை உப்புப் போட்டது. அப்புறம் என்னைத் தன் தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு "பள்ளிக்கூடம் விட்டுட்டாவளா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அல்சைமர் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை எல்லாவற்றுக்கும் "வயசாச்சுல்லா" தான்.

அம்மாவின் பயம் 'ரத்தத்தில் வருகிறது' என்பது. முழுப் பொய்யும் இல்லை. பெற்றவரிடமிருந்து நேராக இறங்கி, இளவயதிலேயே தாக்குகிற வகை ஒன்று உண்டு, ஆனால் அது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. மற்றபடி ஏபிஓஈ4 என்ற மரபணு வகை இருந்தால் வாய்ப்பு கூடும். அதை வைத்துக்கொண்டே கடைசிவரை கணக்குவழக்கு பார்த்துப் போனவர்களும் இருக்கிறார்கள், அது இல்லாமலே நோய் வந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நடுவில் என்ன நடக்கிறது என்று தேடப் போய்த்தான் எபிஜெனெடிக்ஸ் பக்கம் வந்து விழுந்தேன். மரபணு மாறாமலே அது வேலை செய்வதும் செய்யாததும் எப்படி மாறுகிறது என்று பார்க்கிற படிப்பு அது.

அம்மாவுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கன்னடியன் கால்வாயில் வருவது ஒரே தாமிரபரணித் தண்ணீர்தான். ஆனால் எந்த வயல் விளையும், எது காயும் என்பது எந்த மடை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உடம்பிலும் கிட்டத்தட்ட அதுதான். ஈரல் செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ, திறந்திருக்கிற மடைகள்தான் வேறு வேறு. டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதித்துணுக்கு ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் அந்த மரபணு அடைபடும். இன்னொரு வழியும் உண்டு. ஒரு செல்லுக்குள் இருக்கிற டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும், அது ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கிறது. சுருள் இறுகினால் மரபணு பேசாது, தளர்ந்தால் பேசும். இரண்டு வழியிலும் டிஎன்ஏவின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை.

சரி, வயதாகும்போது என்ன ஆகிறது? பராமரிப்பு இல்லாத கால்வாய் மாதிரிதான், சில இடத்தில் தூர் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், சில இடத்தில் கரை கசியும். 2005இல் ஒரே கரு இரட்டையர்களை ஸ்பெயினில் ஆராய்ந்தபோது, சின்ன வயதில் இரண்டு பேரின் டிஎன்ஏ மேலிருக்கிற மெத்தில் போன்ற குறிகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வயது ஏறியவர்களிடம், அதுவும் தனித்தனியே வாழ்ந்தவர்களிடம், அவை நன்றாகவே பிரிந்து போயிருந்தன. இந்த மாற்றத்தில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. ஸ்டீவ் ஹோர்வாத் என்பவர் 2013இல் டிஎன்ஏவில் 353 இடங்களை மட்டும் பார்த்து ஒருவரின் வயதைக் கணிக்கிற 'கடிகாரம்' செய்தார். அதே ஆள் பிறகு கண்டது எனக்கு இன்னும் பிடித்தது: சிறுமூளை மட்டும் மற்ற உறுப்புகளைவிட மெதுவாக மூப்படைகிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு வயது!

அல்சைமர் அதிகம் சேதப்படுத்தாமல் விட்டுவைக்கிற பகுதியும் சிறுமூளைதான். 2014இல் இரண்டு குழுக்கள் இறந்தவர்களின் மூளைகளைத் தனித்தனியாகப் பார்த்தபோது, நோய் கண்ட மூளைகளில் ஏஎன்கே1 என்ற மரபணுவில் மெத்தில் கூடியிருந்தது இரண்டு பேர் கண்ணிலும் பட்டது. மூளையின் மேலுறைப் பகுதிகளில் இருந்தது, சிறுமூளையில் இல்லை. அதற்கு முன்பே 2012இல் லீ-ஹுவே சாய் என்ற மூளை ஆய்வாளரின் குழு, ஹிஸ்டோன் சுருளை இறுக்குகிற ஒரு நொதி நோயாளிகளின் மூளையில் கூடுதலாக இருப்பதைக் காட்டி, எலிகளில் அதைக் குறைத்ததும் நினைவு தேறியதையும் காட்டியது. எலியில்தான், அதை மறக்கக் கூடாது.

இங்கேதான் நான் கொஞ்சம் தயங்குகிறேன். வயல் காய்ந்ததற்கு மடை அடைத்தது காரணமா, வயல் செத்த பிறகு யாரும் மடையைத் திறக்கவில்லையா? நோய் முற்றிய மூளையில் நியூரான்கள் செத்து வேறு வகை செல்கள் கூடிவிடுகின்றன, அதனாலேயே குறிகள் மாறின மாதிரி தெரியலாம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தீராத வழக்கை வைத்துக் கடை விரிக்கிறவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பெங்களூரில் இருக்கிற சித்தி மகன் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான், எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் 'உண்மையான வயது' சொல்வார்களாம், "பெரியம்மாவுக்கு எடுத்துப் பாப்போமா" என்கிறான். எச்சிலில் கிடைக்கிற எண் மூளைக்குள் அல்சைமர் இருக்கிறதா என்று சொல்லாது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ராத்திரி தூங்காமல் கிடப்பதுதான் மிச்சம். வேண்டாம்லே என்றுவிட்டேன்.

அம்மாவிடம் வேறொன்றைச் சொன்னேன். சிகரெட் பிடிப்பவர்கள் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மெத்தில் குறைந்துவிடும், புகையை விட்ட பிறகு வருஷக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலையை நோக்கித் திரும்பும். எல்லாக் குறியும் கல்லில் வெட்டியது இல்லை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கு 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அத்தனையையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீதம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிற கணக்கு அது. ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எதிர்பார்த்ததுதான். அதில் காது மந்தமும் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அம்மா கொஞ்ச நாளாக டிவியை ரொம்பச் சத்தமாக வைக்கிறாள். வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் போகிறோம் என்றேன். "எனக்கு என்னட்டி செவிடா?" என்று கோபித்துக்கொண்டாள். அதுவும் நான் மூன்று தரம் சொன்ன பிறகு.