அம்மாவின் குடை எந்தப் பக்கம் பார்க்கிறது

2024 மே மாதம் அம்மாவை அம்பாசமுத்திரத்திலிருந்து மும்பைக்கு அழைத்துவந்தேன். அப்பா இறந்த பிறகு ஓராண்டு தனியாக இருந்து பார்த்தவள், முழங்கால் வலியால் படியேற முடியாமல் போனதும் ஒருவழியாகச் சம்மதித்தாள். செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சுங்குடிச் சேலைகளுக்கு நடுவில் துண்டில் சுற்றிய செட்டாப் பாக்ஸ் இருந்தது. ரிமோட் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில்.

"மும்பையில் டிவி இல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"இதில்தான் என் நம்பரெல்லாம் இருக்கிறது" என்றாள்.

அவளுக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரியும். எந்தச் சேனலுக்கு எந்த எண் என்பது விரலுக்குத் தெரியும். ரிமோட்டைப் பார்க்காமலே அழுத்துவாள். இன்னொரு காரணம் சித்தி. கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் சித்தியும் அம்மாவும் பல வருடங்களாக ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்த்து, முடிந்த கையோடு தொலைபேசியில் பேசுகிறவர்கள். அரை மணி நேரம் பேச்சு ஓடும். கதாநாயகியின் மாமியாரில் தொடங்கி ஊர்க் கல்யாணம், தாமிரபரணியில் தண்ணீர் வரத்து என்று எங்கெங்கோ போகும்.

முதல் வாரம் எங்கள் வீட்டு கேபிள் இணைப்பில் ஓட்டிப் பார்த்தோம். கிடைத்த தமிழ்ச் சேனல்களில் அவளுடையது இல்லை. என் செல்பேசியில் தொடரைப் போட்டுக் கொடுத்தேன். அது எப்போதும் பிந்தி வந்தது. சித்தி பேச ஆரம்பிக்கும்போது அம்மாவுக்குக் கதை பாதிதான் முடிந்திருக்கும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மூன்றாம் நாள் சித்தியின் அழைப்பை எடுக்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பேச்சு புரியாது, காய்கறிக்காரன் சொல்வது புரியாது, பஸ்ஸில் பலகை படிக்க முடியாது. இந்த ஊரில் அவளுக்கென்று காதில் விழும் தமிழ் என்னுடைய குரல் ஒன்றுதான் என்று அன்றிரவு உறைத்தது. டிஷ் வைத்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஊர் பாக்ஸ் மும்பையில் வேலை செய்யுமா என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. செய்யும். செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டு டிஷ்ஷில் இறங்கும் டிடிஎச் ஒளிபரப்பின் வீச்சு இந்தியா முழுவதையும் மூடுகிறது. அம்பாசமுத்திரத்தில் இறங்கும் அதே சிக்னல்தான் செம்பூரிலும் இறங்குகிறது. நிறுவனத்திடம் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். பதிவு செய்யும்போதே தேவையில்லாத சேனல்களை நீக்கச் சொன்னேன். வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியிலேயே கொண்டுவந்துவிட்டது. பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை.

டிஷ் பொருத்த வந்த இளைஞர் எங்கள் பால்கனியில் அரை நிமிடம் நின்றார். "இங்கே சிக்னல் வராது" என்று இந்தியில் சொன்னார், வந்து போன கட்டணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் பால்கனியைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று பிறகு தெரிந்தது. ஏன் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

காரணம் இது. எங்கள் பாக்ஸுக்கு உரிய செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் ஒளிபரப்பும் அதே இடத்தில், 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15லிருந்து வருகிறது. மும்பையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தென்கிழக்கு. வடக்கிலிருந்து வலப்புறமாக அளந்தால் 131 டிகிரி. தரையிலிருந்து 57 டிகிரி உயரம். எங்கள் பால்கனியோ மேற்குப் பார்த்தது. கடல் காற்று வருகிறது என்று ஆசையாக வாங்கிய வீடு. தென்கிழக்கே முழுக் கட்டடமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. டிஷ், வயர், ஆள் எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வானத்தின் அந்தத் துண்டு வீட்டிலிருந்து தெரிய வேண்டும். டிஷ் வைக்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் வெளியே வந்து, தங்கள் செயற்கைக்கோள் இருக்கும் பக்கம் மறைப்பில்லாமல் தெரிகிறதா என்று பாருங்கள்.

மீதி இருந்தது மொட்டை மாடி. அது எங்கள் குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் பொதுச் சொத்து. செயலாளர் மராட்டியர், ஓய்வு பெற்றவர். என் மனுவை வாங்கிப் படித்துவிட்டு என்னை நான்காம் மாடி வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்கையறைக் கூரையைக் காட்டினார். ஒரு தட்டு அகலத்துக்குப் பழுப்பு வட்டம், அதன் விளிம்பில் சுண்ணாம்பு உரிந்து தொங்கியது. முன்பு யாரோ டிஷ் வைக்க மேலே நான்கு ஓட்டை போட்டார்களாம். ஜூன், ஜூலை மழையில் அந்த வீட்டுக்காரர்கள் கட்டிலை நகர்த்திவிட்டு வாளி வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். ஓட்டை போடக் கூடாது, கைப்பிடிச் சுவரிலும் ஆணி அடிக்கக் கூடாது என்றார். அவர் பக்கம் முழு நியாயம் இருந்தது. அதனால் ஒரு இரும்புச் சட்டத்தில் கம்பத்தைப் பற்றவைத்து, சட்டத்தின் மேல் நான்கு கான்கிரீட் கட்டைகளை ஏற்றினேன். அடியில் பழைய ரப்பர் பாய். தரையில் ஒரு கீறல் விழவில்லை. செயலாளரே வந்து கம்பத்தை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

எங்கள் ஊரில் டிஷ்ஷைக் குடை என்போம். ஊர் வீட்டு மாடியில் இருந்த குடையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சித்தி மகனிடம் கேட்டேன். செம்பூரில் வாங்கிய 60 சென்டிமீட்டர் குடையை அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே நிமிர்த்தி வைத்தேன். அம்மா கீழே முதல் மாடியில் டிவி முன்னால், நான் மேலே ஸ்பேனருடன், நடுவில் தொலைபேசி.

டிவியில் இரண்டு கோடுகள் வரும். ஒன்று சிக்னலின் வலிமை, மற்றது தரம். வலிமைக் கோடு நிறைந்திருந்தது. அம்மா சந்தோஷமாக, "நிறைய இருக்கிறது எய்யா!" என்றாள். தரம் சைபர். வலிமைக் கோட்டை நம்பவே கூடாது. வயர் ஒழுங்காக இணைந்து, குடையின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற கருவிக்கு மின்சாரம் போனாலே அது நிறைந்துவிடும். செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டோமா என்று சொல்வது தரக் கோடு மட்டுமே.

செல்பேசியின் திசைகாட்டி இரும்புச் சட்டத்தின் அருகே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் காட்டியது. பத்தடி தள்ளிப் போய் நின்று 131 டிகிரியைப் பார்த்து, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி விளிம்பை அடையாளம் வைத்துக்கொண்டு திரும்பினேன். சுற்றுமுள்ள மாடிகளில் இருந்த குடைகளும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் பார்த்தன. திசை சரி. பிறகும் தரம் சைபர்.

வெயிலில் ஒரு மணி நேரம் போன பிறகு, படத்தை மறுபடி பார்த்தபோதுதான் விளங்கியது. அம்பாசமுத்திரம் பூமத்திய ரேகைக்கு நெருக்கம். அங்கே அதே செயற்கைக்கோள் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைப் பக்கம் இருக்கிறது. மும்பையில் 57. ஊர்க் குடை வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். மும்பைக் குடை அவ்வளவு மல்லாந்தால் செயற்கைக்கோளைத் தாண்டி வெறும் வானத்தைத்தான் பார்க்கும். நாம் வாங்கும் வகைக் குடை, அதன் தட்டு பார்க்கும் இடத்தைவிட இருபதுக்கும் மேற்பட்ட டிகிரி உயரத்திலிருந்து சிக்னலை வாங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 57 என்றதும் தட்டையே 57 டிகிரிக்குச் சாய்க்கக் கூடாது. பின்புறத் தாங்கியில் அச்சிட்ட அளவுகோல் இந்த வித்தியாசத்தைக் கழித்தே போட்டிருக்கும். அதைப் பார்த்து வைத்தால் போதும்.

திருகைத் தளர்த்தி, குடையை மெல்லக் கீழே இறக்கினேன். ஒரு விரல் அளவு நகர்த்திவிட்டு மூன்று எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். சட்டென்று நகர்த்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம், தெரியவே தெரியாது.

"சைபர்."

இன்னும் ஒரு விரல்.

"சைபர்தான்… இரு. பச்சையாக ஏதோ வந்தது. முப்பத்தெட்டு."

கை நடுங்கியது. இடப்புறம் ஒரு மயிரிழை. "ஐம்பத்தொன்று." திரும்பக் கொஞ்சம். "அறுபத்திரண்டு எய்யா. ஆள் தெரிகிறது, பேசுகிறாள்!" தொலைபேசி வழியே தமிழில் யாரோ சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே கான்கிரீட் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலைக்குள் அடுத்த சிக்கல். தொடர் தெளிவாக வருகிறது, செய்தி வரவில்லை. சில சேனல்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. இதற்கும் அந்தப் படமே காரணம். சிக்னல் இரண்டு தளங்களில், ஒன்றுக்கொன்று குறுக்காக வருகிறது. பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட் கொடுத்து எந்தத் தளம் வேண்டும் என்று எல்.என்.பி.யிடம் சொல்கிறது. எல்.என்.பி. தன் கழுத்தில் சரியான அளவு திரும்பியிருக்காவிட்டால் ஒன்றோடொன்று கலந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் அந்தத் திருப்பம் சுமார் 61 டிகிரி, மும்பையில் 45. படத்தைப் பார்த்து ஊர்த் திருப்பத்தையே வைத்திருந்தேன். 16 டிகிரி திருப்பியதும் எல்லாச் சேனலும் வந்து, தரம் 74 ஆனது.

வயர் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மும்பைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். வெளியில் இருக்கும் இணைப்பைத் திறந்து விட்டால் ஒரே மழைக்காலத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். நீர் புகாத ரப்பர் நாடாவை இழுத்துச் சுற்ற வேண்டும். வயர் ஜன்னலுக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். மழையன்று அந்த வளைவின் அடியில் சொட்டுகள் ஒவ்வொன்றாகத் திரண்டு விழுவதைப் பார்த்தேன். வளைவு இல்லையென்றால் அவ்வளவும் டிவிக்குப் பின்னால் வந்திருக்கும்.

ஜூலை மழை வேறு கதை. இந்த ஒளிபரப்பின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். மழை கொட்டும்போது படம் நின்றுவிடும். முதல் முறை தொடர் நேரத்தில் அரை மணி நேரம் போனது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கருந்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மழை விட்ட நேரத்தில் மேலே போய் மயிரிழை மயிரிழையாகத் திருத்தித் தரத்தை 81க்கு ஏற்றினேன். தெளிந்த நாளில் 62ம் 81ம் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கூடுதல் எல்லாம் மழை நாளுக்கான சேமிப்பு. அதன் பிறகு அடைமழையில் மட்டும் ஐந்து, பத்து நிமிடம் போகிறது. அந்த நிமிடங்களில் சித்தி தொலைபேசியில் கதை சொல்லிவிடுகிறாள்.

ஆகஸ்டில் எல்.என்.பி.யை இரண்டு வாய் உள்ளதாக மாற்றி, தூர்தர்ஷனின் இலவச பாக்ஸ் ஒன்றையும் அதே குடையில் இணைத்தேன். மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை வரும். 2024 ஜனவரியில் அதன் பெயர் டிடி தமிழ் என்று மாறிவிட்டது. அம்மா பொதிகை என்றுதான் சொல்கிறாள். வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலையின் பெயர். அதை அவள் வாயிலிருந்து யார் மாற்ற முடியும்?

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சித்தி, தங்கள் டிவி காலை பதினொரு மணிவாக்கில் சில நிமிடம் நின்று போகிறது, மழையே இல்லை, குடையை யாரோ தட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று புலம்பினாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கைந்து நாள் கழித்து, அக்டோபர் முதல் வாரத்தில் அம்மா அதையே சொன்னாள். பதினொன்றாகப் பத்து நிமிடம். மேலே ஓடினேன். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. குடை அசையவில்லை. எல்.என்.பி.யின் வெள்ளை மூடி மட்டும் கண்ணைக் கூசும்படி பளபளத்தது. குடையின் மேல் விழுந்த வெயில் முழுவதும் அந்த ஒரே இடத்தில் குவிந்திருந்தது.

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்றிருக்கிறது. அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிப் போகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் அக்டோபரை ஒட்டியும், சில நாட்கள், சில நிமிடங்கள் இது நடக்கும். செப்டம்பர் 23ஐத் தாண்டிச் சூரியன் நாளுக்கு நாள் தெற்கே இறங்குவதால் முதலில் தெற்கே இருக்கும் ஊர்களில் தொடங்கி, பிறகு வடக்கே வருகிறது. கல்லிடைக்குறிச்சியில் போன வாரம், செம்பூரில் இந்த வாரம்.

கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சித்தியை அழைத்தாள். "அடியே, உன் குடையை யாரும் தட்டவில்லை. அங்கே நின்ற சூரியன்தான் இப்போது இங்கே வந்திருக்கிறது" என்றாள். பேசி முடிப்பதற்குள் படம் திரும்பி வந்தது. இரண்டு பேரும் ஒரே சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு, அந்தப் புளிக்குழம்பில் வெல்லம் போடலாமா கூடாதா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள்.