பதினான்கு அட்டையும் ஒரு கிண்ணம் மைதாப் பசையும்

வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்கால் மணிக்கு, பதினான்கு கறுப்பு அட்டைகளையும் எலி கடித்ததுபோல் ஆக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மகளின் பள்ளிப் பேருந்து போட்டிக்குப் புறப்படுகிறது. அந்த அட்டைகள்தான் அவளுடைய ஸ்கிரிப்ட்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில். மகள் பத்தாம் வகுப்பு. சென்ற வருடம் "ஃபாரன்சிக்ஸில் சேர்ந்திருக்கிறேன்" என்று அவள் சொன்னபோது தடயவியல் என்று நினைத்து என் மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. பதினைந்து வயதுப் பெண்ணைப் பிணவறைக்கா அனுப்புவார்கள் என்று அன்றிரவு என்னைக் கேட்டாள். இந்த ஊர்ப் பள்ளிகளில் பேச்சு, விவாதம், நடிப்புப் போட்டிகளுக்கு அந்தப் பெயர்தான். 1925இல் தொடங்கிய தேசிய அமைப்பே நேஷனல் ஃபாரன்சிக் லீக் என்ற பெயரில்தான் பல தலைமுறைப் பெற்றோரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. 2014இல்தான் மனம் இரங்கி, நேஷனல் ஸ்பீச் அண்ட் டிபேட் அசோசியேஷன் என்று மாற்றிக்கொண்டார்கள்.

மகள் எடுத்திருக்கும் பிரிவின் பெயர் புரோகிராம் ஓரல் இன்டர்ப்ரிடேஷன். கதை, கவிதை, நாடகம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு வகைகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, ஒரே கருத்தில் கோத்து, பத்து நிமிடத்துக்குள் நடித்துக் காட்ட வேண்டும். அதற்குமேல் முப்பது வினாடி சலுகை உண்டு. வேடம் கூடாது, வேறு சாமான் எதுவும் கூடாது. ஆனால் ஸ்கிரிப்ட் கையில் இருந்தே ஆக வேண்டும். அவளுக்கோ பத்து நிமிடமும் தலைகீழ்ப் பாடம். குளியலறையில் ஐந்து குரலில் பேசுகிறாள், தூக்கத்தில் ஆறாவது குரலிலும் பேசுகிறாள். படிக்கத் தேவையே இல்லாத ஒரு புத்தகத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் இத்தனை வெட்டும் ஒட்டும்.

இதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "அப்பா, அது புத்தகம் இல்லை. அதுதான் என் செட்." உண்மைதான். கையகலக் கறுப்பு பைண்டர் அது, தாளை வளையங்களில் கோக்கும் கோப்பு. விரித்து முன்னால் பிடித்தால் கார் ஸ்டியரிங், மடித்துக் காதில் வைத்தால் போன், மார்போடு அணைத்தால் குழந்தை. ஒரு பாத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பக்கம் திரும்ப வேண்டும், சத்தம் வரக்கூடாது. அதற்குத்தான் கறுப்பு அட்டை. வெறும் வெள்ளைத் தாளைத் திருப்பினால் பளிச்சென்று கண்ணில் அடிக்கும், இரண்டு தாள் சேர்ந்தும் வரும். அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். அதன்மேல் வசனத்தைச் சின்ன எழுத்தில் அச்சடித்து, ஓரம் தெரியாமல் வெட்டி ஒட்ட வேண்டும். நான் முதலில் பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்தேன். டியூப் லைட் வெளிச்சம் அதில் பட்டு நடுவர் கண்ணைக் கூசவைக்கும், திருப்பும்போது சிப்ஸ் பொட்டலம் போலச் சத்தம் போடும் என்று இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சரி, எலிக்கு வருகிறேன். இங்கே லெட்டர் தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் ஐந்தரைக்கு எட்டரை, அதுதான் அந்தக் குட்டி பைண்டருக்கு அளவு. வெட்டினேன். க்ளூ ஸ்டிக்கால் மகள் வசனங்களை ஒட்டி முடித்தாள். பிறகு ஓட்டை போடும் பொறுப்பை, பொறியியல் படித்தவன் என்ற ஒரே தகுதியின் பேரில் நான் ஏற்றுக்கொண்டேன். ஏழேழாக அடுக்கி, வீட்டிலிருந்த, மூன்று ஓட்டை போடும் பெரிய பஞ்சிங் மெஷினில் வைத்து, நடு ஓட்டை அட்டையின் சரிபாதியில் வருமாறு அளந்து, இரண்டே அழுத்தில் வேலையை முடித்தேன். பெரிய தாளுக்கான மெஷினில் ஓட்டைக்கு ஓட்டை நாலேகால் அங்குலம். குட்டி பைண்டரில் வளையத்துக்கு வளையம் இரண்டே முக்கால். எட்டரையில் பாதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் நடுவில் ஒரு முழு ஓட்டை, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஆளுக்கு ஓர் அரை வட்டக் கடி.

மகள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓர் அட்டையை எடுத்து, அந்த அரை வட்டத்தின் வழியாக என்னைப் பார்த்தாள்.

மறுபடி அச்சடிக்கலாம், அட்டையும் மிச்சம் இருந்தது. க்ளூ ஸ்டிக்தான் தீர்ந்துபோயிருந்தது. அக்கம்பக்கத்துக் கடைகளும் மூடும் நேரம். "என் பைண்டர் அவ்வளவுதான்" என்று மகள் விசும்பிய சத்தத்தில் உள்ளறையிலிருந்து என் அம்மா எழுந்து வந்தாள்.

"இந்நேரத்துக்கு எந்த பைண்டர்டா வந்திருக்கிறான்?"

அம்மாவுக்குச் சிவகாசி. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம் நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். அங்கே பைண்டர் என்றால் ஆள். இங்கே வந்து நான்கு மாதமாக, பேத்தி எந்த பைண்டரைத் தேடி இப்படிப் புலம்புகிறாள் என்று அவளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அன்றுதான் தெளிந்தது.

மேசையைப் பார்த்தாள். ஓர் அட்டையைக் கையில் எடுத்து விரலால் சாண் போட்டாள். "டெமி எட்டில் ஒன்று" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தமிழ்ப் புத்தகங்களின் முன்பக்கத்தில் போட்டிருக்குமே, அதே டெமி அளவுதான் அந்த ஐந்தரைக்கு எட்டரை. அமெரிக்கப் பள்ளிக்கூடம் கேட்டதைச் சிவகாசி எப்போதோ வெட்டி அடுக்கி வைத்திருக்கிறது.

"மைதா எங்கே இருக்கிறது?" என்று அடுத்த கேள்வி.

இரண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வைத்தாள். கிண்டக் கிண்ட வெள்ளை மங்கி, கண்ணாடிபோல் ஆனதும் இறக்கினாள். பிறகு சாதாரணமாக, "கொஞ்சம் மயில்துத்தம் எடு" என்றாள், ஏதோ உப்பைக் கேட்பதுபோல. பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் பசையில் போடுவார்களாம். சமையலறையில் அந்த நஞ்சை எவனாவது வைத்திருப்பானா என்று கேட்டதற்கு, "அப்படியானால் வேலை முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவி வை, கரப்பான் வரும்" என்பதோடு விட்டுவிட்டாள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவும் பிரஷைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வேடிக்கை பார்த்தேன். பசையைத் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் பாதியை வழித்துவிட்டு, தாளின் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தாள். மெல்லிசாக, தாள் ஈரமானதே தெரியாத அளவுக்கு. அட்டையில் வைத்து, துணியால் நடுவிலிருந்து ஒற்றி ஒற்றி வெளியே தள்ளினாள். ஒரு குமிழி இல்லை. பிறகு அட்டையைத் திருப்பி, வசனமே இல்லாத பின்பக்கத்திலும் அதே அளவுக்கு ஒரு கறுப்புத் தாளை ஒட்டினாள்.

"அது எதற்கு அப்பத்தா?"

"ஈரத்தில் தாள் விரியும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அட்டையை வில்லாக இழுத்துவிடும். இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் அது எங்கே போகும்? நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்."

அட்டைகளுக்கு நடுவே பேக்கிங் பேப்பரைக் கொடுத்து அடுக்கி, மேலே ஒரு பலகை, பலகைமேல் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டை. "இருக்கிற வீட்டில் பாரம் இல்லாமலா போகும்?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். காலை ஐந்தரைக்கு மூட்டையைத் தூக்கினால் பதினான்கும் அப்பளம் போல் விறைத்துக் கிடந்தன. பழைய ஸ்கிரிப்டின் ஒரு பக்கத்தை மேலே வைத்துக் குறித்து, ஒற்றை ஓட்டை போடும் பஞ்சால் மகளே ஓட்டை போட்டாள். பக்கத்தில் வர எனக்கு அனுமதி இல்லை.

போட்டிக்கு நானும் போக வேண்டியிருந்தது. எத்தனை மாணவர்களை அனுப்புகிறார்களோ அதற்கேற்ப நடுவர்களையும் பள்ளியே கொண்டுவர வேண்டும், அகப்படுவது பெற்றோர்தான். கட்டடத்துக்குள் நுழைந்தால் தாழ்வாரம் முழுக்க கோட்டும் சூட்டும் அணிந்த பிள்ளைகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். முதல்முறை பார்ப்பவன் வந்த வழியே ஓடிவிடுவான். ஒத்திகைதான்.

என் அறையில் ஆறு பேர். வேறு பள்ளிப் பிள்ளைகள். நடிப்பைக் கவனிக்கத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கண் அட்டைக்கே போயிற்று. ஒரு பையனின் மூன்றாம் பக்கத்தில் மூலை பிரிந்து நாக்கு நீட்டியது. ஒரு பெண்ணின் அட்டைகள் வில்லாக வளைந்து, பைண்டர் மூட மறுத்து அவள் முழங்கையோடு மல்லுக்கட்டியது. ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறாள், பாவம். தரவரிசைக்குக் காரணம் எழுதும் இடத்தில் குரல், உணர்ச்சி பற்றியெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் பின்பக்கமும் தாள் ஒட்டச் சொல்லி இரண்டு வரி சேர்த்தேன். மைதா என்ற சொல்லை மட்டும் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

மகள் அரையிறுதி வரை போனாள். நடுவர் குறிப்புகளைக் காரில் படித்துக் காட்டினாள். ஒருவர் "ஸ்கிரிப்டை அதிகம் பார்க்கிறாய்" என்றிருக்கிறார். அதே சுற்றில் இன்னொருவர் "ஸ்கிரிப்டைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாய்" என்றிருக்கிறார். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுக்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பரிசைக் கேட்கவில்லை. பைண்டரை வாங்கி, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி, மூலைகளை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

அடுத்த போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, மேசைமேல் ஐந்து கறுப்பு பைண்டர்கள் கிடந்தன. மகளின் தோழிகளுடையவையாம். அடுப்பில் பசை கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டை ஒன்று போதாது, வரும்போது இன்னொரு சோனா மசூரி வாங்கி வா என்று என் போனுக்கு வந்த செய்தியை நான்தான் பார்க்கத் தவறியிருக்கிறேன். செருப்பைக் கழற்றாமல் அப்படியே திரும்பினேன். "பஞ்சிங் மெஷினையும் காரிலேயே வைத்துவிட்டு வா" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.