ரேமண்ட் பர் பட்டியல்: ஷாட் ஷாட்டாகக் குறிப்பெடுத்த அனுபவம்

ஹாலிவுட் நடிகர் ரேமண்ட் பர் நடித்தவற்றை வருஷ வரிசையில் எழுதினால் 1957-ல் ஒரு பெரிய வெட்டு விழுந்தது போலத் தெரியும். அதுவரை வில்லன், அதன்பின் தொலைக்காட்சித் தொடரில் வக்கீல் பெரி மேசன். படப் பெயரோடு கேமரா அவரை எங்கே வைத்தது என்பதையும் எழுதினால் அந்த வெட்டு மறைகிறது. இந்தப் பட்டியலின் வேலையே அதுதான்.

கூகுள் ஷீட்டில் ஒரு படத்துக்கு ஒரு வரி. பத்திகள்: படம் பிடித்த காலம், வெளியான தேதி, பாத்திரம், திரையில் நுழையும் நேரம், விலகும் நேரம், ஷாட் வகை, பார்த்த பிரதி. முதல் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ‘எ பிளேஸ் இன் தி சன்’ வெளியானது 1951-ல்; படம் பிடித்ததோ 1949-50-ல். வெளியான தேதியை மட்டும் வைத்து அடுக்கினால், நீதிமன்றத்தில் துடுப்பை ஓங்கிப் படகில் அடித்து உடைக்கும் அந்த அரசு வழக்கறிஞர் வேடம் ஒன்றிரண்டு வருஷம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘ரா டீல்’, ‘பிட்ஃபால்’ (இரண்டும் 1948) படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், வில்லன் வேஷம் உச்சத்தில் இருந்தபோதே வழக்காடும் குரலும் தயாராகிவிட்டது என்பது புரியும்.

தேதி எழுதும் முறையும் காலை வாரும். அமெரிக்கப் பட்டியல்களில் மாதம் முதலில் வரும். ‘ரியர் விண்டோ’ நியூயார்க்கில் முதன்முதலில் திரையிடப்பட்ட 1954 ஆகஸ்ட் 4, அங்கே 8/4/1954. இந்திய அமைப்பில் உள்ள ஷீட் அதை ஏப்ரல் 8 ஆக்கிவிடும், எச்சரிக்கையும் தராது. பெரி மேசன் தொடங்கிய 9/21/1957 மாதிரித் தேதிகள் வெறும் எழுத்தாக நின்று தாமே காட்டிக்கொடுக்கும். ஆபத்து 12-க்குள் இருக்கும் நாள்களில்தான். 1954-08-04 என்று வருஷத்தை முன்னால் போட்டு எழுதினால் தொல்லை இல்லை. நேரத்துக்கும் இப்படித்தான்: 1:23 என்று தட்டினால் ஒரு மணி 23 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 0:01:23 என்று முழுதாக எழுதி, அந்தப் பத்தியைக் கால அளவு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இல்லையேல் கூட்டுத்தொகை 24 மணி நேரத்தைத் தாண்டும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

ஷாட் எல்லையைப் பிடிக்க வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் ஆங்கில ‘E’ விசை போதும். ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். ஐரோப்பிய டிவிடி என்றால் கவனம் தேவை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-ல் ஓட்டுவதால் 96 நிமிடப் படம் சுமார் 92 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைச் சரிசெய்யாத பிரதியில் குரலும் ஏறும். பர்ரின் அடித்தொண்டைக் குரலைப் பற்றிக் குறிப்பெழுத அந்தப் பிரதி உதவாது.

‘ரியர் விண்டோ’வில் கேமரா பெரும்பாலும், ஜன்னல் வழியே அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயகன் ஜெஃப்ரிஸின் அறையை விட்டு நகர்வதில்லை. முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் நரைத்த தலையும் கண்ணாடியுமாக நடமாடும் கொலைகாரன் தோர்வால்டுக்கு (பர்) கிட்டத்தட்ட எல்லாமே தூர ஷாட். பேச்சு காதில் விழாது. தோளும் நடையும்தான் நடிப்பு. ஜெஃப்ரிஸின் காதலி லிசா, தோர்வால்டின் வீட்டில் நின்று முதுகுக்குப் பின்னால் விரல் மோதிரத்தை ஜெஃப்ரிஸுக்குக் காட்டும் இடத்தில் ஃபிரேம் ஃபிரேமாகப் போக வேண்டும். தோர்வால்டின் பார்வை முதலில் அவள் கைக்கு இறங்குகிறது, பிறகு நிமிர்ந்து நேராக லென்ஸுக்கு வருகிறது. வசனம் கிடையாது, முகம் சுளிக்கவில்லை. பர் செய்ததிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

அதிக உழைப்பு வாங்கியது ‘காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!’ (1956). இஷிரோ ஹோண்டாவின் ஜப்பானியப் படமான ‘கோஜிரா’வை (1954) வெட்டி, டெர்ரி மோர்ஸ் எடுத்த புதுக் காட்சிகளில் பர்ரை நிருபர் ஸ்டீவ் மார்ட்டினாக நுழைத்தார்கள். 96 நிமிடம் 80 ஆனது. இரண்டு கோப்புகளையும் ஒரே நொடியில் தொடங்கி ஓட்டினால் எதுவும் பொருந்தாது. அமெரிக்கப் பிரதி அழிந்த டோக்கியோவில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. கோஜிராவின் காட்சிகளுக்கு வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றும் மற்றதில் எங்கே வந்திருக்கிறது என்று தேடுவதே வழி. ஒட்டு தெரியும் இடம் முதுகுகள். பழைய படத்தின் நாயகி எமிகோவோடு பர் பேசும்போது அவர் எதிரே நிற்பது மாற்று ஆள். முதுகு மட்டும் தெரியும். எமிகோவாக நடித்த மோமோகோ கோச்சியின் முகம் வந்தால் அது பழைய படத்துத் துண்டு. இருவர் முகமும் ஒரே ஃபிரேமில் சேராது. எதிரே உண்மையில் யாரும் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டிருப்பவராக நம்பவைக்கும் அந்தப் பழக்கம், அடுத்த வருஷமே சாட்சிக் கூண்டின் முன் கைகொடுத்திருக்கிறது.

பெரி மேசன் 271 அத்தியாயம். அத்தனைக்கும் நொடிக்கணக்கு தேவையில்லை; சீசனுக்கு முதலும் கடைசியும் போதும். 1963 தொடக்கத்தில் வந்த நான்கை மட்டும் தனியே குறிக்க வேண்டும். பர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் பெட் டேவிஸ், மைக்கேல் ரென்னி, ஹ்யூ ஓ’பிரையன், வால்டர் பிட்ஜன் ஆகியோர் வக்கீலாக வந்தார்கள். பர் தலைகாட்டுவது கொஞ்ச நேரம்தான். மறுஒளிபரப்புப் பதிவுகள் விளம்பரத்துக்காகச் சில நிமிடங்கள் வெட்டப்பட்டவை. அவற்றில் எடுத்த நேரத்தைக் கூட்டுத்தொகையில் சேர்க்கவில்லை.

1956-ன் வானொலித் தொடர் ‘ஃபோர்ட் லாரமி’க்குத் தனித் தாள் திறந்தாயிற்று, அங்கே ஷாட் வகைப் பத்தி கிடையாது. அடுத்து ‘அயர்ன்சைடு’ (1967-75). சக்கர நாற்காலியில் இருப்பவரோடு கேமராவும் கீழே இறங்குகிறது. எனவே ஷாட் வகையோடு கேமரா உயரம் என்று ஒரு பத்தி கூடுகிறது. ‘ரா டீல்’ வில்லனையும் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்துத்தான் எடுத்தார்கள் என்பதால், பழைய வரிகளிலும் அதை நிரப்பியாக வேண்டும்.