கண்ணகி நகர்னா ரவுடியா?

நேத்து ஷேர் ஆட்டோல ஒரு அக்கா "கண்ணகி நகரா, அங்க எல்லாம் ரவுடிப் பசங்கப்பா"ன்னு சத்தமா சொல்ல, பக்கத்துல ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்த பையன் பேக்கை மடியில இறுக்கிப் புடிச்சிட்டு தலைய குனிஞ்சிட்டான், எனக்கு மனசே ஆறல. சென்னையில கூவம், அடையாறு கரையோரம் இருந்தவங்கள அரசாங்கம் ஊருக்கு வெளிய இருக்குற கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்கப்புறம் இன்னும் வேகமா, அதுக்குப் பக்கத்துல பெரும்பாக்கம் எட்டு மாடி பிளாக்குக்கும் அனுப்புனாங்க, ஆனா வீட்டு வேலையும் கூலி வேலையும் சிட்டியிலயே நின்னுடுச்சே. அம்மா விடியக்காலைல பஸ் ஏறுனா ராத்திரிதான் வர்றாங்க, பையன் மாடிப்படியில தனியா நிக்கிறான், கஞ்சா விக்கிறவன் அவனத்தான் தேடி வர்றான். அட்ரஸ் பாத்தாலே வேலை குடுக்க யோசிக்கிறாங்க வேற. 2025 ஆசிய இளையோர் போட்டியில கபடி தங்கம் ஜெயிச்ச டீம்ல இருந்த கார்த்திகாவும் இதே கண்ணகி நகர் பொண்ணுதான், அங்க சொல்லிக்குடுக்க ஒரு கோச் இருந்தாரு.

அந்தப் பையன் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து போனான்.